ஒரு மரபணு, பல புரதங்கள்: கல்லீரல் நோயில் மாற்று ஸ்ப்ளைசிங்

மதுவால் வரும் கடுமையான கல்லீரல் அழற்சியில் மருத்துவர்களுக்கு நெடுநாளாக ஒரு புதிர் இருந்தது. கல்லீரல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் உறுப்பு. ஓர் எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பழைய எடைக்கு வந்துவிடும். இந்த நோயாளிகளின் கல்லீரலிலும் புதிய செல்கள் உருவாகிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் காமாலை ஏறிக்கொண்டே போகும், ரத்தம் சரியாக உறையாது, பலர் சில மாதங்களில் இறந்துவிடுவார்கள். செல்கள் இருக்கின்றன, வேலை மட்டும் நடக்கவில்லை. ஏன்?

இதற்கான பதிலில் ஒரு முக்கியமான பகுதி 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் கிடைத்தது. அந்தச் செல்களின் மரபணுக்கள் கெட்டுப்போகவில்லை. மரபணுவிலிருந்து எடுத்த நகலை வெட்டி ஒட்டும் முறைதான் மாறியிருந்தது. இந்த வெட்டி ஒட்டும் வேலைக்குத்தான் ஸ்ப்ளைசிங் என்று பெயர். ஒரே நகலை வேறு வேறு விதமாக வெட்டி ஒட்டினால் அது மாற்று ஸ்ப்ளைசிங். கல்லீரல் நோய் என்றதும் கொழுப்பு, மது, மஞ்சள் காமாலை வைரஸ் ஆகிய மூன்றும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு அடியில் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஸ்ப்ளைசிங் தெரிந்திருப்பது பெரிய உதவி. உயிரியல் படிக்காதவர்களும் இதைப் புரிந்துகொள்ள முடியும். அடிப்படையிலிருந்து போவோம்.

முதலில், ஸ்ப்ளைசிங் என்றால் என்ன?

பள்ளியில் படித்தது நினைவிருக்கும்: டிஎன்ஏவில் மரபணு இருக்கிறது, அதிலிருந்து ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கப்படுகிறது, அந்த ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் செய்யப்படுகிறது. இதில் தவறில்லை. ஆனால் நகல் எடுப்பதற்கும் புரதம் செய்வதற்கும் நடுவே ஒரு பெரிய வேலை இருக்கிறது. 1977-இல் ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் ஆகிய இருவரின் குழுக்களும் அமெரிக்காவில் தனித்தனியே அடினோவைரஸை ஆராய்ந்தபோது அது வெளிப்பட்டது. வைரஸின் மரபணு ஒரே நீளத் துண்டாக இல்லை. புரதத்துக்குத் தேவையான பகுதிகள் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன, நடுவில் தேவையில்லாத நீண்ட பகுதிகள் இருந்தன. நம் செல்களின் மரபணுக்களும் அப்படித்தான் என்று விரைவிலேயே தெரிந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்கு 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கடைசி நகலில் தங்கும் பகுதிகளுக்கு எக்ஸான் என்றும், வெட்டி எறியப்படும் பகுதிகளுக்கு இன்ட்ரான் என்றும் பெயர். எறியப்படுவது கொஞ்சநஞ்சம் அல்ல. தசைக்குத் தேவையான டிஸ்ட்ரோஃபின் மரபணு, எழுத்துகள் என்று நாம் அழைக்கும் வேதி அலகுகளில் எண்ணினால், 20 லட்சத்துக்கும் மேல் நீளமானது. வெட்டி ஒட்டிய பிறகு மிஞ்சும் ஆர்என்ஏ ஏறத்தாழ 14,000 எழுத்துகள் மட்டுமே.

வெட்டும் வேலையைச் செய்வது ஸ்ப்ளைசியோசோம் என்ற பெரிய கூட்டமைப்பு. யு1, யு2, யு4, யு5, யு6 என்ற ஐந்து சிறு ஆர்என்ஏக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களும் இதில் உண்டு. எங்கே வெட்டுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஏறக்குறைய எல்லா இன்ட்ரான்களும் ஜி, யு என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கி ஏ, ஜி என்ற இரண்டு எழுத்துகளில் முடிகின்றன. அவற்றை ஒட்டியுள்ள சில எழுத்துகளும் அடையாளமாக உதவுகின்றன. யு1 வந்து தொடக்க எழுத்துகளோடு பொருந்தி உட்கார்ந்தால்தான் வேலை ஆரம்பமாகும். இந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் ஒரு கனடியக் கதையில் பார்க்கப் போகிறோம்.

சரி, மாற்று ஸ்ப்ளைசிங் எங்கே வருகிறது? ஒரு மருந்துச் சீட்டில் இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டாம்.” இதில் ‘வெறும் வயிற்றில்’ என்ற துண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஒட்டிப் படியுங்கள்: “இந்த மாத்திரையைச் சாப்பிட வேண்டாம்.” எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. வாக்கியமும் முழுமையாக இருக்கிறது. ஆனால் படித்தவர் மருந்தையே நிறுத்திவிடுவார். ஓர் எக்ஸானைச் சேர்ப்பதும் விடுவதும் புரதத்துக்குச் செய்வது இதைத்தான். சில சமயம் புரதம் கொஞ்சம் வேறு வேலை செய்யும், சில சமயம் நேர் எதிரான வேலையையே செய்யும்.

மனிதருக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000 இருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட எக்ஸான் உள்ள மரபணுக்களில் ஏறத்தாழ 95 சதவீதம் மாற்று ஸ்ப்ளைசிங்குக்கு உள்ளாகின்றன என்று 2008-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மூளைச் செல்லுக்கும் கல்லீரல் செல்லுக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். எந்த மரபணுவை இயக்குவது என்பதில் அவை வேறுபடுகின்றன, இயக்கிய மரபணுவின் நகலை எப்படி ஒட்டுவது என்பதிலும் வேறுபடுகின்றன. இரண்டாவது வேறுபாட்டைப் பொதுக் கட்டுரைகள் அநேகமாகத் தொடுவதே இல்லை.

எந்த எக்ஸான் உள்ளே, எது வெளியே என்று முடிவு செய்வது ஸ்ப்ளைசிங் காரணிகள் என்ற புரதங்கள். ஆர்என்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு, “இந்தத் துண்டை எடுத்துக்கொள்” அல்லது “இதை விடு” என்று ஸ்ப்ளைசியோசோமுக்கு உணர்த்துவது இவற்றின் வேலை. ஒரு காரணி நூற்றுக்கணக்கான மரபணுக்களின் நகல்களில் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆகவே ஒரு காரணி குறைந்தால் நூற்றுக்கணக்கான புரதங்கள் ஒரே சமயத்தில் வேறு வடிவத்துக்கு மாறிவிடும். கல்லீரல் நோய்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு அடிப்படை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செல், ஆர்என்ஏவை மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. விடுபடும் துண்டின் நீளம் மூன்றால் வகுபட்டால், அந்தத் துண்டு மட்டும்தான் போகும், மற்ற பகுதி ஒழுங்காகப் படிக்கப்படும். வகுபடாவிட்டால் அதற்குப் பின் வரும் எல்லாமே தடம் மாறிப் பொருளற்றதாகிவிடும். கீழே வரும் உதாரணங்களில் 36, 270, 91 என்று மூன்று எண்கள் வரும். மூன்றாவது எண் மட்டும் மூன்றால் வகுபடாது என்பதைக் கவனியுங்கள்.

வளர்ந்த கல்லீரலுக்கு ஒரு தனி வெட்டு உண்டு

கருவில் இருக்கும் குழந்தையின் கல்லீரலுக்கும் நம் கல்லீரலுக்கும் வேலை வேறு. கருவில் கல்லீரல் ரத்த அணுக்களை உருவாக்கும் இடம். அதன் செல்கள் வேகமாகப் பெருகும். உணவிலிருந்து வரும் சர்க்கரையைச் சேமிப்பது, மருந்துகளின் நஞ்சை முறிப்பது, பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருளைக் கழிவாக மாற்றுவது போன்ற வேலைகளை அம்மாவின் உடல் பார்த்துக்கொள்கிறது. பிறந்த பிறகுதான் அவை குழந்தையின் கல்லீரலிடம் வருகின்றன. பிறந்த சில நாட்களில் பல குழந்தைகளுக்கு உடம்பு மஞ்சளாவதற்குக் காரணமே பிலிரூபினைக் கையாளும் திறன் கல்லீரலுக்கு இன்னும் முழுதாக வராததுதான்.

இந்த முதிர்ச்சி எப்படி வருகிறது? பிறந்ததும் புதிய மரபணுக்கள் இயங்கத் தொடங்குவது ஒரு காரணம். அதோடு, ஏற்கனவே இயங்கிவரும் மரபணுக்களின் வெட்டு மாறுவதும் ஒரு காரணம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அவினாஷ் கல்சோத்ராவின் குழு 2015-இல் இதை எலிகளில் காட்டியது. பிறந்த பிறகு கல்லீரல் செல்களில் இஎஸ்ஆர்பி2 என்ற ஸ்ப்ளைசிங் காரணி அதிகரிக்கிறது. அதுதான் பல மரபணுக்களைக் குழந்தைப்பருவ வெட்டிலிருந்து வளர்ந்தவருக்குரிய வெட்டுக்கு மாற்றுகிறது.

இந்த மாற்றம் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். இன்சுலின் ஏற்பி சர்க்கரை நோயாளிகள் பலருக்கும் தெரிந்த பெயர். இன்சுலின் வந்து ஒட்டும் புரதம் அது. அதன் மரபணுவில் 22 எக்ஸான்கள். பதினோராவது எக்ஸான் மிகச் சிறியது, 36 எழுத்துகள், அதாவது புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் வெறும் 12. அதைச் சேர்த்து ஒட்டினால் பி வடிவம், விட்டுவிட்டால் ஏ வடிவம். வளர்ந்த கல்லீரலில் பி வடிவமே மிகுதி. அது இன்சுலினுக்குக் கட்டுப்பட்டுச் சர்க்கரையைச் சீராக வைக்கும் வேலையைப் பார்க்கிறது. கருவில் மிகுதியாக இருப்பது ஏ வடிவம். அது இன்சுலினோடு சேர்த்து ஐஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணியையும் வலுவாகப் பற்றிக்கொள்ளும். விளைவு: “பெருகு” என்ற கட்டளை. ஆயிரத்து முன்னூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தில் 12 இருப்பதா இல்லையா என்பது, செல் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதா அல்லது பெருகிக்கொண்டே போவதா என்ற முடிவில் கை வைக்கிறது. கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகளில் இந்த ஏ வடிவத்தின் பங்கு மீண்டும் உயர்வதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

மது, கொழுப்பு, பின்னோக்கிய பயணம்

இப்போது அந்த மருத்துவப் புதிருக்கு வரலாம். கல்லீரலில் காயம் பட்டால், சுற்றியுள்ள செல்கள் பெருகி அந்த இடத்தை நிரப்ப வேண்டும். முதிர்ந்த செல் பெருகுவதற்குக் கொஞ்சம் இளமை நிலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. நச்சு கொடுக்கப்பட்ட எலிகளில் இஎஸ்ஆர்பி2 தற்காலிகமாகக் குறைந்து, பிறந்த குழந்தையின் வெட்டு திரும்ப வருவதையும், அதனால் ஹிப்போ என்ற வளர்ச்சித் தடுப்புப் பாதை தளர்ந்து செல்கள் பெருகுவதையும் கல்சோத்ரா குழு 2018-இல் காட்டியது. இது நோயல்ல, உடலின் பழுதுபார்ப்பு. வேலை முடிந்ததும் பழைய வெட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

மது ஓயாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அந்தத் திரும்புதல் நடப்பதில்லை. 2020-இல் இதே குழுவும் டியூக் பல்கலைக்கழகத்தின் அன்னா மே டீல் குழுவும் சேர்ந்து, கடுமையான மதுக் கல்லீரல் அழற்சி வந்த மனிதர்களின் கல்லீரல் திசுவையும் எலி மாதிரிகளையும் ஆராய்ந்தார்கள். மதுவால் எழும் அழற்சியில் வெளிப்படும் வேதிச் செய்திகள் இஎஸ்ஆர்பி2-வை அடக்கிவிடுகின்றன. அது நீண்ட நாள் அடங்கியே இருந்தால் கருப்பருவ வெட்டு நிரந்தரமாகிவிடுகிறது. செல்கள் பெருகுகின்றன, ஆனால் வளர்ந்த கல்லீரல் செல்லின் வேலைகளைக் கைவிட்டுவிடுகின்றன. கல்லீரலில் முதிராத செல்கள் நிரம்பிவிடுகின்றன. இஎஸ்ஆர்பி2 இல்லாத எலிகளுக்கு மது கொடுத்தபோது நோய் இன்னும் கடுமையானது.

மருத்துவமனைப் படுக்கையில் கண்கள் மஞ்சளாகி வயிறு வீங்கிக் கிடப்பவரின் கல்லீரல் செயலற்றுச் செத்துக் கிடக்கிறது என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதன் செல்களில் பல உயிரோடு, பிழைத்துக்கொள்ளும் முயற்சியில் இருக்கின்றன. அந்த முயற்சியே ஆளைக் காப்பாற்ற முடியாத நிலைக்குக் கொண்டுபோகிறது. இந்த ஆய்வைப் பற்றிப் படித்த பிறகு, குடியை நிறுத்தச் சொல்லும் மருத்துவரின் வார்த்தைக்கு எனக்கு இன்னொரு பொருளும் தெரிந்தது: அழற்சியை அடக்கினால்தான் செல் மீண்டும் முதிர வழி கிடைக்கும்.

கொழுப்புக் கல்லீரலிலும் இதற்கு நெருக்கமான கதை நடக்கிறது, காரணிதான் வேறு. எஸ்ஆர்எஸ்எஃப்3 என்ற ஸ்ப்ளைசிங் காரணியை எலியின் கல்லீரல் செல்களில் மட்டும் நீக்கிவிட்டு, சான் டியாகோவில் நிக்கோலஸ் வெப்ஸ்டரின் குழு ஆண்டுக்கணக்கில் கவனித்தது. அந்த எலிகளின் கல்லீரல் சரியாக முதிரவில்லை. அப்புறம் தழும்பு கட்டியது, வயதானபோது புற்றுநோயும் வந்தது. ஒரே ஒரு காரணி இல்லாமல் போனதற்கு இவ்வளவும். மனிதர்களில் கொழுப்புக் கல்லீரல், சிரோசிஸ் என்ற முற்றிய தழும்பு நிலை, கல்லீரல் புற்றுநோய் மூன்றிலும் இந்தப் புரதம் குறைந்திருப்பதை 2019-இல் அதே குழு காட்டியது. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று இருக்கிறது: எஸ்ஆர்எஸ்எஃப்3-இன் மரபணு வழக்கம்போல இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. செய்யப்பட்ட புரதம்தான், கொழுப்பு மிகுந்த செல்லில் உண்டாகும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் குறியிடப்பட்டு அழிக்கப்படுகிறது. மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று மட்டும் அளந்தால் இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது. அந்தக் குறியீட்டைத் தடுக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது கல்லீரல் பாதிப்பு குறைந்தது.

உடல் பருமன் உள்ளவர்களின் கல்லீரலில் வேறொரு காரணி குறைந்து, லிப்பின்-1 என்ற கொழுப்புப் பாதை மரபணுவின் வெட்டு மாறி, கொழுப்பு உற்பத்தி கூடும் பக்கம் சாய்கிறது என்று 2011-இல் இன்னொரு குழு காட்டியது. இப்படி உதாரணங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் அடுக்க வேண்டியதில்லை.

தழும்பின் தொடக்கம்

ஃபைப்ரோசிஸ் என்பது கல்லீரலில் நார்த்தழும்பு படிவது. அது முற்றினால் சிரோசிஸ். இதில் ஸ்ப்ளைசிங்கின் பங்கைச் சொல்ல ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தை விடப் பொருத்தமானது கிடையாது. ஒரே மரபணுவின் நகல் பல விதமாக ஒட்டப்படுகிறது என்பதற்குக் கிடைத்த ஆரம்பகாலச் சான்றுகளில் ஒன்று 1983-இல் வந்தது. அது எலிக் கல்லீரலின் ஃபைப்ரோநெக்டின் ஆர்என்ஏவிலிருந்துதான் கிடைத்தது. மாற்று ஸ்ப்ளைசிங்கின் வரலாற்றில் கல்லீரலுக்கு ஆரம்பத்திலேயே இடம் உண்டு.

ஆரோக்கியமான கல்லீரல் செல்கள் ஃபைப்ரோநெக்டினைச் செய்து ரத்தத்தில் விடுகின்றன. ரத்த உறைவிலும் காயம் ஆறுவதிலும் அதற்கு வேலை உண்டு. இந்த வடிவத்தில் இடிஏ என்ற எக்ஸான் விடப்பட்டிருக்கும். அதன் நீளம் 270 எழுத்துகள், 90 அமினோ அமிலங்கள். கல்லீரலுக்குக் காயம் பட்டதும், அதன் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரில் உள்ள செல்கள் இடிஏ சேர்த்த வடிவத்தைச் செய்யத் தொடங்குகின்றன. இந்த மாற்றம் காயம்பட்ட எலிகளில் மிக விரைவாக, தழும்பு தெரியும் முன்பே நடக்கிறது என்று 1994-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆய்வு காட்டியது.

அதனால் என்ன? ரத்தக் குழாய்ச் சுவருக்குப் பக்கத்திலேயே ஸ்டெல்லேட் செல்கள் என்றொரு வகை இருக்கின்றன. அமைதியான காலத்தில் அவை வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். தூண்டப்பட்டால் சேமிப்பைக் கைவிட்டு நார்ப்பொருளை உற்பத்தி செய்ய ஆரம்பிக்கும். கல்லீரல் தழும்பில் பெரும்பகுதி இவை செய்வதுதான். இடிஏ சேர்த்த ஃபைப்ரோநெக்டின் இவற்றைத் தூண்டும் சைகைகளில் ஒன்று. ஒன்றுதான், ஒரே ஒன்று அல்ல. தூண்டும் சைகைகள் வேறு பலவும் உண்டு, டிஜிஎஃப்-பீட்டா என்ற சைகைப் புரதம் அவற்றில் பெரியது. ஆனாலும் காயத்துக்கும் தழும்புக்கும் நடுவில் 270 எழுத்துகள் உள்ள ஒரு துண்டைச் சேர்க்கும் முடிவு இருக்கிறது என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

புற்றுநோயில் கேஎல்எஃப்6 என்ற மரபணுவையும் சொல்ல வேண்டும். அதன் முழு வடிவப் புரதம் செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும். வெட்டு மாறி உண்டாகும் எஸ்வி1 என்ற குட்டை வடிவம் அந்தத் தடையையே எதிர்த்து வேலை செய்யும். மருந்துச் சீட்டு உதாரணத்தில் சொன்ன நேர் எதிர்ப் பொருள் இதுதான்.

ஹெபடைடிஸ் பி வைரஸும் இந்த விளையாட்டில் இருக்கிறது. சுமார் 3,200 எழுத்துகளே உள்ள மிகச் சிறிய மரபுத் தொகுதி அதற்கு. தன் ஆர்என்ஏவை வெட்டி ஒட்ட அதனிடம் சொந்தக் கருவி இல்லை, நம் கல்லீரல் செல்லின் ஸ்ப்ளைசியோசோமையே பயன்படுத்திக்கொள்கிறது. அப்படி வெட்டப்பட்ட ஆர்என்ஏக்கள் குறைப்பட்ட வைரஸ் துகள்களாக ரத்தத்திலும் காணப்படுகின்றன.

பிறப்பிலேயே வரும் வெட்டுப் பிழை

இதுவரை பார்த்தவை, வாழ்நாளில் வரும் நோயால் வெட்டு மாறும் கதைகள். எதிர்த் திசையிலும் நடக்கும்: வெட்டும் இடத்தில் பிறவியிலேயே ஓர் எழுத்து மாறி, அதனால் நோய் வரும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சாகனே-லாக் சான் ஜான் என்ற பகுதி இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் அங்கே மிகுதி. தொடக்கத்தில் இருந்த குடும்பங்கள் கொஞ்சம்தான் என்பதால், அவர்களில் யாரோ சுமந்து வந்த ஒரு மாற்றம் இன்று ஏறத்தாழ 20 பேரில் ஒருவரிடம் இருக்கிறது. எஃப்ஏஎச் என்ற மரபணுவின் பன்னிரண்டாவது இன்ட்ரானில், தொடக்கத்திலிருந்து ஐந்தாவது எழுத்து ஜி-க்குப் பதில் ஏ. யு1 பொருந்தி உட்கார வேண்டிய இடம் அது. பொருத்தம் தளர்வதால் வெட்டு தவறுகிறது, வேலை செய்யும் நொதி உருவாவதில்லை.

அம்மா அப்பா இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற குழந்தைக்கு டைரோசினீமியா முதல் வகை என்ற நோய் வரும். உணவுப் புரதத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் முழுதாகச் சிதையாமல், நடுவழியில் நச்சுப் பொருட்களாகத் தேங்கிக் கல்லீரலைக் கெடுக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பச்சிளம் வயதிலேயே கல்லீரல் செயலிழக்கலாம், பிழைத்தாலும் சிரோசிஸும் கல்லீரல் புற்றுநோயும் சிறு வயதிலேயே வரலாம். உலகில் சுமார் ஒரு லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் இந்த நோய், அந்தப் பகுதியில் 2,000 பிறப்புகளுக்குள் ஒன்றுக்கு வருகிறது. 1992-இல் சுவீடன் மருத்துவர்கள் நிட்டிசினோன் என்ற மருந்தை இதற்கு அறிமுகப்படுத்தினார்கள். களைக்கொல்லி ஆய்விலிருந்து வந்த வேதிப்பொருள் அது. டைரோசின் பாதையை நச்சு உருவாகும் படிக்கு முன்பே அது நிறுத்திவிடுகிறது. உணவுக் கட்டுப்பாட்டோடு இதை எடுத்துக்கொள்ளும் குழந்தைகள் இப்போது பெரியவர்களாகி வாழ்கிறார்கள். வெட்டுப் பிழை அப்படியே இருக்கிறது. அதன் விளைவைத்தான் மருந்து தடுத்து நிறுத்துகிறது.

ஜப்பானில் அடிக்கடி காணப்படும் இன்னொரு மாற்றம் இன்னும் வியப்பானது. கிளைக்கோஜன் சேமிப்பு நோய் 1ஏ வகையில், கல்லீரல் தன்னிடமுள்ள கிளைக்கோஜன் என்ற சேமிப்புப் பொருளைச் சர்க்கரையாக வெளியே விட முடியாமல் வீங்கிப் பெருக்கும். குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். இங்கே ஜி6பிசி மரபணுவில் 648-வது எழுத்து ஜி-யிலிருந்து டி-யாக மாறியிருக்கிறது. மாறிய பிறகும் அந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பொருள் அதே லியூசின் என்ற அமினோ அமிலம்தான். புரதத்தின் எழுத்தளவில் மாற்றமே இல்லை. ஆனால் அந்த மாற்றம் தவறான இடத்தில் புதிதாக ஒரு வெட்டுப் புள்ளியை உருவாக்கிவிடுகிறது. அதனால் 91 எழுத்துகள் விடுபட்டுப் போகின்றன. 91 மூன்றால் வகுபடாது. பின்னால் வருவதெல்லாம் தடம் மாறி, நொதி வீணாகிறது. மரபணுச் சோதனை அறிக்கையில் “அமினோ அமிலம் மாறவில்லை, ஆகவே பாதிப்பில்லை” என்று கடந்துபோகக்கூடிய மாற்றம் ஒரு குழந்தையின் கல்லீரலைக் கெடுக்கிறது. மரபணு ஆலோசனை தரும் ஒவ்வொருவரும் இந்த உதாரணத்தை மனதில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தவறிய வெட்டு காப்பாற்றும்போது

வெட்டு தவறினால் நோய் வரும் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 2018-இல் ரீஜெனரான் நிறுவனத்தின் மரபியல் மையமும் பென்சில்வேனியாவின் கைசிங்கர் மருத்துவ அமைப்பும் சேர்ந்து 46,544 பேரின் மரபணுக்களையும் மருத்துவப் பதிவுகளையும் ஒப்பிட்டன. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு யாருக்குக் குறைவாக இருக்கிறது என்று தேடியபோது, எச்எஸ்டி17பி13 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் மேலே வந்தது. ஆறாவது எக்ஸான் முடியும் வெட்டுப் புள்ளிக்குப் பக்கத்தில் ஏ என்ற எழுத்து ஒன்று கூடுதலாகச் செருகியிருந்தது. அதனால் வெட்டு பிசகி, புரதம் பாதியில் நின்று, நிலைக்காமல் போகிறது.

இந்த மாற்றத்தின் ஒரு பிரதி உள்ளவர்களுக்கு மதுவால் வரும் கல்லீரல் நோயின் அபாயம் 42 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டு பிரதிகளும் உள்ளவர்களுக்கு 53 சதவீதம் குறைவு. மதுவோடு தொடர்பில்லாத கொழுப்புக் கல்லீரலில் இது 17, 30 சதவீதம். மதுவால் வரும் சிரோசிஸில் இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு 73 சதவீதம் குறைவு. கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் புரதம் இது. அது சரியாகச் செய்யப்படாமல் போவது கல்லீரலுக்கு நல்லதாக இருக்கிறது. கொழுப்பு சேர்வதை இந்த மாற்றம் குறைக்கவில்லை. கொழுப்பு சேர்ந்த கல்லீரல் அழற்சிக்கும் தழும்புக்கும் நகர்வதைத்தான் குறைக்கிறது. இந்த மாற்றம் ஐரோப்பிய, கிழக்காசிய மக்களிடம் பரவலாகவும், ஆப்பிரிக்க வழியினரிடம் அரிதாகவும் இருக்கிறது. ஒரே அளவு குடித்த இருவரில் ஒருவருக்கு மட்டும் சிரோசிஸ் வருவது ஏன் என்று கேட்பவர்களுக்கு, இது பல காரணங்களில் ஒன்று. இந்த மாற்றம் இருந்தால் குடிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அபாயம் குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை.

இயற்கையே செய்து காட்டிய இந்தச் சோதனையைப் பார்த்து, எச்எஸ்டி17பி13-இன் ஆர்என்ஏவை அழிக்கும் ஊசி மருந்துகளைச் சில நிறுவனங்கள் உருவாக்கி மனிதர்களிடம் சோதித்து வருகின்றன. கல்லீரல் இதற்கு வசதியான உறுப்பு. அதன் செல்களின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட சர்க்கரையைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி ஏராளமாக இருக்கிறது. மருந்தின் வாலில் அந்தச் சர்க்கரையை இணைத்துத் தோலுக்கு அடியில் ஊசி போட்டால், மருந்து பெரும்பாலும் கல்லீரலுக்கே போய்ச் சேரும்.

வெட்டையே திருத்தும் மருந்துகளும் சாத்தியம்தான். தவறான வெட்டுப் புள்ளியை ஒரு சிறு செயற்கை ஆர்என்ஏத் துண்டால் மூடிவிட்டால், ஸ்ப்ளைசியோசோம் சரியான புள்ளிக்குப் போகும். முதுகுத்தண்டுத் தசை நலிவு நோய்க்கான நுசினெர்சென், இதைப் போலவே ஆர்என்ஏவில் ஓர் இடத்தை மூடி ஸ்ப்ளைசிங்கை மாற்றும் மருந்து. அமெரிக்காவில் 2016 டிசம்பரில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஜப்பானிய ஜி6பிசி மாற்றத்தை இதே வழியில் திருத்த முடியும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். எஃப்ஏஎச் மரபணுவில் வெட்டுப் பிழை உள்ள எலியின் கல்லீரலில் அந்த எழுத்தையே மரபணுத் திருத்தத்தால் சரிசெய்து, 2014-இல் எம்ஐடி குழு எலியைக் காப்பாற்றியது.

ஆனால் கொழுப்புக் கல்லீரல், சிரோசிஸ் போன்ற பொதுவான நோய்களுக்கு இது எளிதல்ல. அங்கே ஒரு வெட்டு மட்டும் தவறவில்லை, நூற்றுக்கணக்கில் தவறியிருக்கின்றன. எது நோய்க்குக் காரணம், எது நோயின் விளைவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்தறிய வேண்டும். ஒரு ஸ்ப்ளைசிங் காரணியை மருந்தால் உயர்த்தினால் அது தொடும் எல்லா மரபணுக்களும் சேர்ந்து மாறும். இஎஸ்ஆர்பி2 குறைவதே பழுதுபார்ப்பின் ஒரு கட்டம் என்பதால், எப்போது உயர்த்துவது என்ற கேள்வியும் உண்டு.

நடைமுறையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கல்லீரலின் வெட்டு எப்படியிருக்கிறது என்று காட்டும் சோதனை எந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. ரத்தச் செல்களின் வெட்டு வேறு, கல்லீரல் செல்லின் வெட்டு வேறு என்பதால், சரியாகப் பார்க்கக் கல்லீரல் திசுவே வேண்டும், அதற்கு பயாப்சி செய்ய வேண்டும். ஆகவே இன்றைக்கு மருத்துவர் எழுதித் தருவது எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், தேவைப்பட்டால் ஃபைப்ரோஸ்கேன் ஆகியவைதான். குடும்பத்தில் சிறு வயதிலேயே காரணம் தெரியாத கல்லீரல் நோய் வந்திருந்தால், மரபணுச் சோதனை செய்யும்போது இன்ட்ரான் பகுதிகளையும் பார்க்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எக்ஸான்களை மட்டும் படிக்கும் சோதனை விளிம்பை ஒட்டிய சில எழுத்துகளோடு நின்றுவிடும். இன்ட்ரானின் உட்பகுதியில் இருக்கும் வெட்டுப் பிழைகள் அதில் தவறிப் போகும்.